வாரண்டி செலவு எந்த வருஷத்து கணக்கு? சர்வீஸ் பையன் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி

கேள்வி: வணக்கம் சார். வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல நானும் அண்ணனும் சேந்து சின்னதா ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வெச்சு ஹோம் இன்வெர்ட்டர் பண்றோம். ஒரு பீஸ் 6,000 ரூபா, 2 வருஷம் வாரண்டி. 2024-25ல 3,000 பீஸ் வித்தோம், வாரண்டி சர்வீஸ் செலவு 1.24 லட்சம் தான், நல்ல லாபம் காட்டுச்சு. 2025-26ல வித்தது 2,200 பீஸ் தான், ஆனா சர்வீஸ் செலவு 1.70 லட்சம். விக்கறது கொறைஞ்சு செலவு எப்படி ஏறும், சர்வீஸ் பையன் ஸ்பேர்ஸ்ல கை வெக்கறான்னு அண்ணன் சொல்றாரு. எங்க அக்கவுண்டன்ட் செலவாகுற அன்னைக்கு ரிப்பேர்ஸ் கணக்குல எழுதிடறாரு, புரொவிஷன் (வரப்போற செலவுக்கு முன்கூட்டியே கணக்குல எடுத்து வெக்கறது) போடலாமான்னு கேட்டா இன்கம் டாக்ஸ்ல ஒத்துக்க மாட்டான் விடுங்கன்றாரு. டீலருங்க வேற மூணாவது வருஷத்துக்கு 400 ரூபா வாங்கிட்டு எக்ஸ்ட்ரா வாரண்டி குடுக்க சொல்றாங்க. மிக்ஜாம் தண்ணில முழுகுனத கூட அண்ணன் ஃப்ரீயா பண்ணி குடுத்தாரு, அதெல்லாம் எதுல சேரும்? சர்வீஸ் நோட்டும் பில் புக்கும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். - வியாசர்பாடி வாசகர்

பதில்: தம்பி, மொதல்ல அண்ணன்கிட்ட சொல்லுங்க, அந்த பையன இப்போதைக்கு ஒண்ணும் கேக்க வேணாம்னு. நீங்க அனுப்பின சர்வீஸ் நோட்டு 31 பக்கத்தையும் எங்க ஆபீஸ் பொண்ணு உக்காந்து எக்ஸல்ல ஏத்திடுச்சு, கீழ எம்.சி. ரோட்டுல ஆடி தள்ளுபடி மைக் சத்தம், மேல நாங்க ரெண்டு பேரும் ரிலே எத்தன போச்சு ஃபேன் எத்தன போச்சுன்னு எண்ணிட்டு இருந்தோம். அந்த பையன் கோழி கிறுக்கலா எழுதியிருந்தாலும் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான். ஒரு லைன பாருங்க: "காசிமேடு, 850, ரிலே ஒட்டிக்கிச்சு, 180, ஆட்டோ 60", அதாவது ஏரியா, மாடல், பழுது, ஸ்பேர் காசு, ஆட்டோ காசு. பக்கத்துல ஓரமா பென்சில்ல பீஸோட சீரியல் நம்பர். யாரு சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல, பெரிய கம்பெனில கூட பாதி பேர் இத எழுத மாட்டான், உங்க கேள்விக்கு பதிலே அந்த பென்சில் நம்பர்ல தான் இருக்கு.

ஏன்னா சீரியல் நம்பர் இருந்தா அந்த பீஸ் எந்த பில்லுல போச்சுன்னு தேடலாம், பில்லு கெடச்சா எந்த வருஷம் வித்ததுன்னு தெரியும். 2025-26ல சர்வீஸுக்கு வந்ததுல பாதிக்கு மேல 2024-25ல நீங்க வித்தது, அதாவது அந்த 3,000 பீஸ் போன நல்ல வருஷத்து சரக்கு. சுருக்கமா சொன்னா போன வருஷம் வித்த பாவம் இந்த வருஷம் வந்து நிக்குது, ஆனா அக்கவுண்டன்ட் அத இந்த வருஷத்து தலைல எழுதிட்டாரு. ரிப்பேருக்கு ஒரு பீஸுக்கு ஆன செலவு ரெண்டு வருஷமும் சுமார் 450 தான், அது ஏறவே இல்ல. அதுக்காக திருட்டே இல்லன்னு நான் சர்டிஃபிகேட் குடுக்கல, நோட்டுல இருந்து ஒரு இருபது சீரியல எடுத்து பில்லோட பொருத்தி, அந்த கஸ்டமருக்கு ஒரு போன் போட்டு பீஸ் சர்வீஸுக்கு வந்துச்சான்னு கேளுங்க, ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும். ஆனா செலவு ஏறினதுக்கு திருட்டு காரணமா தெரியல, தேதி தான் காரணம்.

இப்ப கணக்குக்கு வரேன். உங்க நோட்டுல இருந்து எடுத்தது என்னன்னா, 100 பீஸ் வித்தா வாரண்டி முடியறதுக்குள்ள 8 பீஸ் திரும்பி வருது. அதுல 7 பீஸ் ரிப்பேர்ல சரியாகுது, ஸ்பேர், பையனோட நேரம், ஆட்டோ எல்லாம் சேத்து 450 ரூபா. ஒண்ணு மட்டும் தேறாது, புது பீஸா மாத்தி குடுக்கறீங்க, அது உங்களுக்கு அடக்கம் 3,800. அப்ப 7 தடவ 450ன்னா 3,150, கூட 3,800, மொத்தம் 6,950. இத 100ஆல வகுத்தா ஒரு பீஸுக்கு 69 ரூபா 50 காசு. நல்ல பீஸோ கெட்ட பீஸோ, கேட்ட தாண்டி குட்டி யானைல ஏறுற ஒவ்வொரு பீஸும் இந்த 69.50 கடனோட தான் ஏறுது. எந்த வீட்டுக்கு போற எந்த பீஸ் புட்டுக்கும்னு உங்களுக்கு தெரியாது, ஆனா நூத்துக்கு எட்டுன்றது தெரியும்ல, அது போதும். சர்வதேச கணக்கு ஸ்டாண்டர்ட் ஐஏஎஸ் 37லயே இதே மாதிரி ஒரு உதாரணம் வருது: 75 சதவீதத்துல பழுதே இல்ல, 20 சதவீதத்துல சின்ன பழுது, 5 சதவீதத்துல பெரிய பழுது, எல்லா பீஸுக்கும் சின்ன பழுது வந்தா 10 லட்சம், எல்லாத்துக்கும் பெருசு வந்தா 40 லட்சம்னா, 10 லட்சத்துல 20 சதவீதம் 2 லட்சம், 40 லட்சத்துல 5 சதவீதம் 2 லட்சம், ஆக 4 லட்சம் எடுத்து வைன்னு. நாம பண்ணதும் அதே தான், ரிலேயும் ஆட்டோவும் வெச்சு பண்ணிட்டோம்.

உங்க சைஸ் கம்பெனிக்கு இந்தியால பொருந்துறது ஏஎஸ் 29ன்ற கணக்கு ஸ்டாண்டர்ட். அது மூணு விஷயம் பாக்கும்: நடந்து முடிஞ்ச ஒரு காரியத்தால உங்க தலைல இப்ப ஒரு பொறுப்பு இருக்கணும், அதுக்கு காசு போக வாய்ப்பு அதிகமா இருக்கணும், எவ்வளவுன்னு நம்பகமா கணிக்க முடியணும். இதுல மொத விஷயம் தான் எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கறது. நடந்து முடிஞ்ச காரியம்னா பீஸ் கெட்டுப் போனது இல்ல, பீஸ வாரண்டி கார்டோட வித்தது. வித்த அன்னைக்கே பொறுப்பு வந்தாச்சு, கஸ்டமர் எப்ப வந்து கத்துவாருன்றது வெறும் தேதி.

இப்ப உங்க மூணு வருஷத்த வெச்சு பாருங்க. 2023-24ல நீங்க 1,400 பீஸ் வித்திருக்கீங்க, அதோட வாரண்டி பாரம் 97,300. 2024-25ல 3,000 பீஸ், 2,08,500. 2025-26ல 2,200 பீஸ், 1,52,900. நோட்டு படி ஒரு வருஷம் வித்த சரக்கோட வாரண்டி செலவு சுமாரா அதே வருஷம் 30 சதவீதம், அடுத்த வருஷம் 50, அதுக்கு அடுத்த வருஷம் 20ன்னு வருது (ஏப்ரல் மே வெயில்ல கரண்ட் கட்டுக்கு பயந்து வாங்கறவங்க ஜாஸ்தி, அதனால மொத வருஷத்து பங்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு). இப்படி பாத்தா 2025-26ல கையவிட்டு போயிருக்க வேண்டியது அந்த வருஷத்து சரக்குக்கு 45,870, போன வருஷத்து சரக்குக்கு 1,04,250, அதுக்கு முந்தினதுக்கு 19,460, கூட்டினா 1,69,580. உங்க 1.70 லட்சம் வந்துடுச்சா. அண்ணன்கிட்ட இத காட்டுங்க.

அதே நேரம் உங்களுக்கு பிடிக்காத விஷயமும் ஒண்ணு இருக்கு. 2024-25ல நீங்க காட்டின செலவு 1.24 லட்சம், ஆனா அந்த வருஷ விற்பனையோட நெஜ பாரம் 2,08,500. அதாவது சுமார் 85,000 ரூபா இல்லாத லாபத்த லாபம்னு காட்டி, அதுக்கு வரியும் கட்டி, ஒருவேளை அத நம்பி தீபாவளிக்கு போனஸும் குடுத்திருப்பீங்க. 2025-26ல தலகீழ், 1,52,900 எழுத வேண்டிய இடத்துல 1.70 லட்சம் எழுதி லாபத்த கொறைச்சிட்டீங்க. வளர்ற கம்பெனி செலவான அன்னைக்கு எழுதினா லாபம் எப்பவும் ஜோரா தெரியும், விற்பனை லேசா சறுக்கின வருஷம் பழைய பீஸ் எல்லாம் திரும்பி வந்து நிக்கும் பாருங்க, அப்ப தான் பேஜார்.

எழுதற முறை ஒண்ணும் பெருசு இல்ல. மார்ச் கடைசில, இல்லன்னா மாசா மாசம், வித்த பீஸ் எண்ணிக்கைய 69.50ஆல பெருக்கி வாரண்டி செலவு டெபிட், வாரண்டி புரொவிஷன் கிரெடிட். பையன் ரிலே மாத்தினா, ஆட்டோக்கு குடுத்தா, புது பீஸ் மாத்தி குடுத்தா, அது எதுவும் லாப நஷ்ட கணக்கு பக்கம் போகவே கூடாது, புரொவிஷன் டெபிட், ஸ்பேர்ஸ் ஸ்டாக்கோ கேஷோ கிரெடிட். இத பண்ணியிருந்தா உங்க 2025-26 எப்படி இருந்திருக்கும்னா, ஏப்ரல் 1 அன்னைக்கு ஆரம்ப புரொவிஷன் 1,65,410, வருஷத்துல சேத்தது 1,52,900, செலவழிச்சது 1,69,580, மார்ச் 31 பாக்கி 1,48,730. அமெரிக்கால லிஸ்ட் ஆன பெரிய ஹார்ட்வேர் கம்பெனிங்க ஆனுவல் ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க, கோடிக்கணக்குல டாலர் ஓடினாலும் வாரண்டிக்கு இதே நாலு வரி டேபிள் தான் போட்டிருப்பாங்க. பேலன்ஸ் ஷீட்ல அந்த 1,48,730ஐ ரெண்டா பிரிக்கணும், அடுத்த 12 மாசத்துல போகப்போறது 1,18,150 ஷார்ட் டெர்ம், மிச்சம் 30,580 லாங் டெர்ம்.

இது வரைக்கும் போடாம விட்ட ஆரம்ப 1,65,410ஐ எங்க வெக்கறதுன்னு கேப்பீங்க. அது பழைய வருஷத்துல விட்டுப்போனது, ஏஎஸ் 5ன்ற இன்னொரு ஸ்டாண்டர்ட் படி முந்தைய கால ஐட்டம்னு தனியா காட்டுங்க, இந்த வருஷ செலவோட கலந்துட்டீங்கன்னா பாங்க்ல லோன் ரெனியூவல் பண்ற மேனேஜர் பாத்து மெர்சலாயிடுவாரு. வரி கணக்குல அந்த பழைய தொகைய எப்படி எடுத்துட்டு போறதுன்னு உங்க ஆடிட்டரோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, அத இங்க ரெண்டு வரில சொன்னா தப்பாயிடும்.

இன்கம் டாக்ஸ்ல ஒத்துக்க மாட்டான்றது ஒரு காலத்துல ஓடின பயம். அத தீர்த்து வெச்ச கேஸே நம்ம சென்னை கம்பெனியோடது தான், ரோட்டார்க் கண்ட்ரோல்ஸ், பெரிய பைப் லைன்ல வால்வ தெறந்து மூடற ஆக்சுவேட்டர் பண்றவங்க. ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து 12 மாசம் இல்ல டெஸ்பாட்ச்ல இருந்து 18 மாசம், எது முன்னாடியோ அதுவரைக்கும் வாரண்டி, அதுக்கு டர்ன்ஓவர்ல 1.5 சதவீதம் புரொவிஷன் போட்டாங்க. டிபார்ட்மென்ட் ஒத்துக்கல, மெட்ராஸ் ஹைகோர்ட்லயும் தோத்தாங்க, 2009 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க. தீர்ப்புல வழி மூணையும் எடுத்து வெச்சு பாத்தாங்க: செலவான அன்னைக்கு எழுதறது, கஸ்டமர் கிளெய்ம் பண்ணா மட்டும் எழுதறது, பழைய அனுபவத்த வெச்சு வித்த அன்னைக்கே ஒரு சதவீதம் எழுதறது. இதுல மொத வழி, உங்க அக்கவுண்டன்ட் பண்றது, அது கேஷ் பேசிஸ் கணக்கு மாதிரி ஆயிடும்னு தள்ளி, மூணாவது தான் சரின்னு சொன்னாங்க. இப்ப ஐசிடிஎஸ் 10ன்னு வரிக்கு தனியா ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல காசு போறது ஓரளவு நிச்சயமா இருக்கணும்னு கொஞ்சம் இறுக்கி எழுதியிருக்காங்க, நூத்துக்கு எட்டுன்னு வருஷா வருஷம் நிக்கற நோட்டு கையில இருந்தா அதையும் தாண்டலாம்.

ஆனா கவனிங்க, அந்த தீர்ப்பு கண்ண மூடிட்டு போடறவனுக்கு இல்ல. நிறைய பீஸ் விக்கணும், பழுது வந்த சரித்திரம் இருக்கணும், வருஷா வருஷம் மிஞ்சினத திருப்பி லாபத்துல எடுக்கணும், அந்த கம்பெனியும் மிஞ்சினத திருப்பி எடுத்துட்டு தான் இருந்துச்சு. எங்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேரு "டர்ன்ஓவர்ல ரெண்டு பர்சென்ட் போட்ருங்க சார்"ன்னு தான் ஆரம்பிப்பாங்க, எதுக்கு ரெண்டுன்னா பதில் வராது. உங்களுக்கு வர்றது 1.16 சதவீதம் தான், 2 போட்டா மிச்சம் வரிய தள்ளிப்போட வெச்ச உண்டியல். ஆபீசர் நோட்ட கேட்டா அங்கயே உடைஞ்சிடும். அதனால அந்த நோட்ட ஸ்பேர்ஸ் டப்பாக்கு கீழ போட்டு எண்ணெய் படிய விடாதீங்க, உங்களுக்கு அது தான் சாட்சி.

69.50ஐயும் கல்வெட்டா நெனைக்க வேணாம். எக்ஸல்ல ஏரியா வாரியா பிரிச்சு பாத்தோம், காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் கடலோரம் போன பீஸ்ங்க மத்த ஏரியாவ விட நல்லாவே அதிகமா திரும்புது, பையன் "போர்டு பச்சை பூத்துடுச்சு"ன்னு எழுதினது பெரும்பாலும் அந்த பக்கம் தான். உப்பு காத்து, கல்மண்டபத்துல எங்க வீட்டு ஜன்னல் கம்பியே மூணு வருஷம் தாங்கல, உங்க பிசிபி போர்டு என்ன பண்ணும். கடலோர டீலருக்கு போற சரக்குக்கு தனி விகிதம் போடுங்க, அப்படியே அந்த போர்டுக்கு மட்டும் வார்னிஷ் கோட்டிங் குடுத்தா எவ்வளவு ஆகும்னும் பாருங்க. பீஸுக்கு 15 ரூபா கோட்டிங்ல முடிஞ்சா அது புரொவிஷன விட மலிவு. புது மாடல் விட்டாலும், ரிலே சப்ளையர மாத்தினாலும் பழைய விகிதத்த அப்படியே நம்பக்கூடாது.

ஒரு பேட்ச் மொத்தமா மோசம்னு தெரிஞ்சா அது வேற கத, அதுக்கு தனியா எடுத்து வெக்கணும். உலகத்துல இதுக்கு பெரிய உதாரணம் எக்ஸ்பாக்ஸ் 360. முன்னாடி மூணு செவப்பு லைட் எரிஞ்சு செத்துப்போற பிரச்சனை, 2007 ஜூலைல மைக்ரோசாஃப்ட் அந்த பழுதுக்கு மட்டும் வாரண்டிய வாங்கின தேதில இருந்து 3 வருஷம்னு நீட்டினாங்க, அதுக்கு 100 கோடி டாலருக்கு மேல செலவு எழுதினாங்க. அறிவிச்சது ஜூலைல, எழுதினது ஜூன் 30 அன்னைக்கு முடிஞ்ச காலாண்டுல, கவனிச்சீங்களா. உங்களுக்கும் அதே தான்: மார்ச்ல வித்த ஒரு பேட்ச் மே வெயில்ல வரிசையா புகை விட ஆரம்பிச்சா, செப்டம்பர்ல கணக்குல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சிடுச்சுன்னா, மார்ச் 31 கணக்குலயே அத ஏத்தணும். கோளாறு விக்கும்போதே உள்ள இருந்துச்சு, நமக்கு தான் லேட்டா தெரிஞ்சுது. ரிலே சப்ளையர் மாத்தி குடுக்கறேன்னு வாயால சொன்னத இதுல கழிக்காதீங்க, கிட்டத்தட்ட நிச்சயம்னா மட்டும் தனி சொத்தா காட்டலாம், புரொவிஷன் முழுசா தான் நிக்கணும். பேட்டரிக்கு வாரண்டி பேட்டரி கம்பெனியோடது, அது உங்க தலைல இல்ல, ஆனா அத தூக்கிட்டு போய் வர்ற ஆட்டோ காசு உங்களோடது, நோட்டுல அது ரொம்ப எடத்துல இருக்கு.

மிக்ஜாம் கேள்வி தான் எனக்கு பிடிச்சது. 2023 டிசம்பர்ல தண்ணில முழுகினதுக்கு உங்க வாரண்டி கார்டுல எடமே இல்ல, அண்ணன் மனசார பண்ணாரு, அது அந்த வருஷத்து செலவு அவ்வளவு தான். அடுத்த புயலுக்குன்னு இப்பவே எடுத்து வெக்க முடியாது, வராத புயல் நடந்து முடிஞ்ச காரியம் இல்ல. ஆனா ஒண்ணு, வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம் மூணு மாசம் ஆன பீஸையும் "பழகின கஸ்டமர்"னு எப்பவும் ஃப்ரீயா பண்ணி குடுக்கற வழக்கம் இருக்கா? நோட்டுல 14 பீஸ் அப்படி இருக்கு. ஏரியா முழுக்க அது தெரிஞ்சு, கஸ்டமரும் அத எதிர்பாத்து தான் வர்றான்னா, கார்டுல என்ன எழுதியிருந்தாலும் அதுவும் பொறுப்பு தான், கணக்குல சேரணும். நான் மேல சொன்ன நூத்துக்கு எட்டுல அந்த 14 பீஸையும் சேத்து தான் எண்ணியிருக்கேன். அண்ணன் இனிமே நிறுத்தறதா இருந்தா சொல்லுங்க, விகிதம் லேசா கொறையும், நிறுத்த மாட்டாருன்னு தான் தோணுது.

மூணாவது வருஷ 400 ரூபா இதுல கலக்கவே கூடாத சமாச்சாரம். 2 வருஷ வாரண்டி பீஸோட விலைக்குள்ள இருக்கு, அதுக்கு புரொவிஷன். இந்த 400 தனியா விக்கற சேவை, கஸ்டமர் மூணாவது வருஷத்துக்காக முன்கூட்டியே குடுத்த அட்வான்ஸ் மாதிரி. வாங்கின அன்னைக்கு வருமானத்துல போடாம பொறுப்பு பக்கத்துல வெச்சு, 25வது மாசத்துல இருந்து மாசத்துக்கு 33 ரூபா சொச்சம்னு வருமானத்துக்கு எடுங்க, அந்த வருஷம் ஆகுற ரிப்பேர் செலவ அதுக்கு எதிர்ல எழுதுங்க. ஜிஎஸ்டி மட்டும் மூணாவது வருஷம் வரைக்கும் காத்திருக்காது, பில் போட்ட அன்னைக்கே கட்டணும். 400 போதுமான்னா, போதும்னு தான் எனக்கு படுது, ஆனா மூணாவது வருஷம் ரிலேவோட நிக்காது, கெப்பாசிட்டரும் ஃபேனும் சேந்து போகும், ரெண்டு வருஷத்து நோட்ட வெச்சு மூணாவது வருஷத்த சொல்ல முடியாது. கடலோர டீலருக்கு அந்த ஸ்கீம இந்த வருஷம் குடுக்காதீங்க.

கேக்காத ஒண்ணு, ஆனா உங்க பில் புக்க பாத்ததால சொல்றேன். வாரண்டில ஃப்ரீயா ஸ்பேர் மாத்தினதுக்கு சில எடத்துல ஜீரோ ரூபா பில்லும் சில எடத்துல முழு விலைக்கு ஜிஎஸ்டியும் போட்டிருக்கு. 2023 ஜூலைல சர்க்குலர் 195 வந்தாச்சு, கஸ்டமர்கிட்ட காசு வாங்காம வாரண்டில ஸ்பேர் மாத்தினா மறுபடி ஜிஎஸ்டி இல்ல, அந்த ஸ்பேர் வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டிக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டையும் திருப்ப வேணாம். 2024 ஜூன்ல வந்த சர்க்குலர் 216 முழு பீஸ் மாத்தறதுக்கும் அதே தான்னு தெளிவாக்கிடுச்சு. ஆனா டீலர் தன் ஸ்டாக்குல இருந்து மாத்தி குடுத்துட்டு உங்ககிட்ட காசு கேட்டா அவர் உங்களுக்கு ஜிஎஸ்டியோட பில் போடுவாரு, நீங்க கிரெடிட் எடுத்துக்கலாம், அந்த தொகை ரிப்பேர்ஸ்ல போகாம புரொவிஷன்ல கழியணும்.

வர்ற திங்கக்கிழமைல இருந்து நோட்டுல மூணு கட்டம் மட்டும் தனித்தனியா போட சொல்லுங்க: சீரியல் நம்பர் பேனாவுல, வித்த தேதி, எந்த ஏரியா. பையன் பேர் நோட்டுல எங்கயும் இல்ல, மொத பக்கத்துல அவன் கையெழுத்த வாங்கி வெச்சிக்கோங்க, அப்புறம் அண்ணன்கிட்ட சொல்லி அவனுக்கு ஒரு நல்ல பேனா வாங்கி குடுங்க.